எந்த விதியில் ஆடலாம்?

ரோல்பிளே ஆட்டம் நடத்துவது என் தொழில். காரைக்குடியிலும், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று சுற்றியுள்ள ஊர்களிலும் நடத்துகிறேன். விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர் திரும்பும் பிள்ளைகள், உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள், ஹோட்டலாக மாறிய பழைய வீடுகளில் தங்க வருகிறவர்கள், இவர்கள்தான் என் ஆட்டக்காரர்கள். நாலைந்து பேர், ஒரு மேசை, காகிதம், பகடை, தட்டில் தேன்குழலும் சீடையும் இருந்தால் போதும். ஒருவர் கதைக்களத்தையும் அதில் வந்துபோகும் மற்ற மனிதர்களையும் பார்த்துக்கொள்வார். அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருளும். எப்போது உருட்டுவது, விழுந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று சொல்வதுதான் விதிநூல்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டபோது முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிதான். இன்று விதிநூல்கள் ஒரு மனிதர் ஆயுளில் ஆடித் தீர்க்க முடியாத அளவுக்குப் பெருகிவிட்டன. அதனால் புதிதாக வருகிற எவரும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்த ரூல்ஸ் நல்லது?" என்பதுதான்.

பதிலுக்கு நான் பாத்திரத் தாளை எடுத்து நீட்டுவேன். ஒவ்வொரு விதிநூலிலும் ஆட்டக்காரர் தன் பாத்திரத்தைப் பற்றிக் குறித்து வைக்க ஒரு தாள் இருக்கும். நூலின் முன்னுரை, அட்டைப்படம், ஆன்லைனில் கொட்டிக் கிடக்கும் புகழ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அந்தத் தாளில் எதற்கெல்லாம் கட்டம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எதற்குக் கட்டம் இருக்கிறதோ அதைப் பற்றித்தான் மேசையில் மணிக்கணக்காகப் பேச்சு ஓடும். கட்டம் இல்லாத விஷயம் ஒருவர் மனசு வைத்தால் வரும், இல்லையென்றால் வராது.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தாளில் உயிர்ப்புள்ளி, கவசம், ஆயுதம், மந்திரம். சண்டைதான் அதன் உயிர்நாடி, அதை அது பிரமாதமாகச் செய்யும். குகைக்குள் இறங்கி அரக்கனை அடித்துப் புதையல் எடுக்க வேண்டும் என்கிற பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் வேறு எதையும் சொல்வதில்லை. சாண்டி பீட்டர்சன் எழுதி 1981-இல் வந்த 'கால் ஆஃப் கதுலு' தாளில் சித்தத் தெளிவுக்கென்று ஒரு எண் உண்டு. பார்க்கக் கூடாததைப் பார்க்கப் பார்க்க அது இறங்கிக்கொண்டே போகும். வாரிசுகளெல்லாம் வெளிநாட்டில் இருக்க, பூட்டிக் கிடக்கிற வீட்டின் இரண்டாங்கட்டில் விளக்கைக் குறைத்து ஆடுவதற்கு அதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. இன்னொரு வசதி, அது சதவீதக் கணக்கில் ஓடுகிறது. தாளில் 60 என்று இருந்தால் நூறுக்கு அறுபது வாய்ப்பு. முதல்முறை உட்காருகிறவருக்குக்கூட விளக்க வேண்டியதில்லை.

கட்டம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு முழுசாகப் புரிய வைத்தது ஒரு பர்மா கதை. கல்லூரி மாணவர்கள் சிலர் வந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கொள்ளுப்பாட்டன் ரங்கூனுக்கோ மோல்மேனுக்கோ கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலுக்குப் போனவர். அந்த வாழ்க்கையை ஆடிப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

"டி அண்ட் டி-யிலேயே ஆடிடலாமாண்ணே? அதுதான் எங்களுக்குப் பழக்கம்" என்றான் ஒருவன்.

தாளை அவன் முன்னால் விரித்தேன். "ரங்கூன் முகல் தெருக் கிட்டங்கியில உட்கார்ந்திருக்கிற ஏஜெண்டுக்கு இதுல எந்தெந்தக் கட்டம் வேணும், நீயே சொல்லு."

மேலிருந்து கீழே பார்த்துவிட்டுக் கையிருப்புப் பணம் எழுதும் சின்னக் கட்டத்தில் விரலை வைத்தான். வேறு எதிலும் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

நான் எடுத்து வைத்தது மார்க் மில்லர் 1977-இல் எழுதிய 'டிராவலர்'. விண்வெளிக் கதைகளுக்கான விதிநூல்தான். ஆனால் அதன் எலும்புக்கூடு ஒரு வியாபாரியுடையது. அதில் பாத்திரத்தை உருவாக்குவதே ஒரு ஆட்டம். பாத்திரம் ஒரு வேலையில் சேர்கிறது, தவணை தவணையாக உழைக்கிறது. ஒரு தவணை 4 ஆண்டு. ஒவ்வொரு தவணையிலும் பிழைத்தாரா, பதவி உயர்ந்ததா, என்ன கற்றுக்கொண்டார் என்று பகடை சொல்லும். பழைய பதிப்பில் பிழைப்புக்கான வீச்சு தவறினால் கதை தொடங்கும் முன்பே பாத்திரம் செத்துப்போகும். அதைத் தாண்டி வந்தால் கப்பல் வாங்கலாம். விலையில் 20 சதவீதம் முன்பணம், பிறகு மாதாமாதம் விலையில் 240-இல் ஒரு பங்கு, 480 மாதத்துக்கு. கூட்டிப் பார்த்தால் விலையைப்போல 220 சதவீதம். செட்டிநாட்டில் வளர்ந்தவருக்கு அந்தப் பக்கத்தைப் படித்ததும் பேனாவைத் தேடத் தோன்றும்.

கொண்டுவிக்கப் போனவர்களின் தவணை மூன்று ஆண்டு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, ஏஜெண்டாக உயர்வது அந்த ஏணியின் படிகள். டிராவலரின் 4 ஆண்டை 3 ஆக்கினோம். கற்றுக்கொள்ளும் திறமைகளின் பட்டியலில் விண்கலம் ஓட்டுவதை எடுத்துவிட்டுப் பேரேடு எழுதுதல், பர்மிய மொழி, நெல் மதிப்பு, ஆள் மதிப்பு ஆகியவற்றை வைத்தோம். சாவை எடுத்துவிட்டுக் காய்ச்சலும் பாதித் தவணையில் ஊர் திரும்புதலும் வைத்தோம். பெட்டியடிப் பையனாக ஆடியவன் முதல் தவணைக்கு இரண்டு பகடை வீசினான். 9. பிழைத்தான், பர்மிய மொழி கற்றான். இரண்டாம் தவணைக்கு 4. முகம் வாடிவிட்டது. கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினோம்.

அன்று ஆட்டம் நடந்தது அவர்களில் ஒருவன் வீட்டு வளவில். தூணோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவன் அப்பத்தா குறுக்கிட்டார்கள். "தவணை முடிஞ்ச மறுநாளே திரும்பக் கப்பல் ஏற மாட்டாகப்பா. ஊர்ல கொஞ்ச காலம் இருப்பாக. கல்யாணம், வீடு கட்டுறது, கோயில் காரியம் எல்லாம் அப்பத்தான். அதைக் கணக்குல வைக்காம என்ன ஆட்டம்?"

சொன்னது சரியான விதி. தவணைக்கும் தவணைக்கும் நடுவில் 'ஊரில் இருந்த காலம்' என்று ஒரு வரி சேர்த்தோம். சம்பாதித்தது எங்கே போயிற்று, யாரைக் கட்டினான், எந்தச் சுவர் எழும்பியது என்று அந்த வரி கேட்கும். மேசையில் சிரிப்பும் சண்டையும் அதிகம் வந்தது அந்த வரியில்தான். அப்பத்தா அதற்குப் பிறகு ஒவ்வொரு அமர்விலும் இருந்தார்கள்.

பாத்திரத் தாளை ஐந்தொகை மாதிரி வரவு, பற்று என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ரங்கூனில் செட்டியார்கள் மாதந்தோறும் தங்கள் கோயிலில் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானிப்பார்கள். எங்கள் ஆட்டத்தில் அந்த மாதத்து நடப்பு வட்டியைத் தாயக்கட்டை தீர்மானித்தது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய பித்தளைக் கட்டை அது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் உருட்டும்போது எழும் சத்தத்துக்கே எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கதை 1930-க்கு வந்தது. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கைமாறியது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் செட்டியார்களிடம் வந்துசேர்ந்திருந்தது. எங்கள் மேசையில் ஒரு மாணவி, "நான் இனிமே அந்த விவசாயியா ஆடறேன்" என்றாள். மறுக்க ஒரு காரணமும் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசாவிட்டால் அந்தக் கதை பாதிக் கதைதான்.

அவள் வந்ததும் டிராவலரின் கணக்கு போதாமல் போயிற்று. ரூபாய், வட்டி, அசல் எல்லாம் தாளில் இருந்தன. ஆனால், 'உன் மகள் கல்யாணத்துக்கு நான் கொடுத்தேனே', 'காய்ச்சலில் கிடந்த உன்னை என் வீட்டில் வைத்துப் பார்த்தேனே' என்று ஒருவருக்கொருவர் பட்டிருந்த கடனுக்குக் கட்டம் இல்லை. அதற்கு 'அர்பன் ஷேடோஸ்' என்ற 2015-ஆம் ஆண்டு விதிநூலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன். நகரத்தில் வாழும் பேய் பிசாசுகளின் அரசியல் பற்றிய ஆட்டம் அது. அதில் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பட்ட கடனைப் பெயர் போட்டு எழுதி வைப்பார்கள். வேண்டும்போது, 'நீ எனக்குக் கடன்பட்டவன், இதைச் செய்' என்று அந்தக் கடனைத் திருப்பிக் கேட்கலாம். எழுதிய கடனை அடித்துவிட்டால் தீர்ந்தது. வட்டிக்கடையை மையமாக வைத்த கதைக்கு விண்வெளி வியாபார விதியும் பேய்க்கதை விதியும் சேர்ந்து பொருந்தின. கதைக்களம் என்ன என்று பார்த்து விதியைத் தேடியிருந்தால் இரண்டும் என் கண்ணில் பட்டிருக்காது.

இந்தக் கதை ஆட வருகிறவர்களிடம் 'புயலிலே ஒரு தோணி'யைப் படித்துவிட்டு வரச் சொல்வேன். அதை எழுதிய ப. சிங்காரம் நம் சிங்கம்புணரிக்காரர், மேடானில் வேலை பார்த்தவர். பெட்டியடியில் உட்கார்ந்தவன் எப்படிப் பேசுவான், எதற்கு வாய் திறக்க மாட்டான் என்பதை எந்த விதிநூலும் சொல்லித் தராது. அந்த நாவல் சொல்லித் தரும்.

அடுத்தது பகடை. விதியைத் தேர்ந்தெடுப்பதில் பலர் கவனிக்காத இடம் இது. தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது கையிலேயே தெரியும். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் 16 விதமாக விழலாம். மூன்று என்ற கூட்டு நான்கு விதத்தில் வரும். தாயம் என்கிற ஒன்று இரண்டு விதத்தில்தான், அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. ஆறும், இரண்டு கட்டையும் வெற்றாக விழுந்தால் வரும் பன்னிரண்டும் ஒரே ஒரு விதத்தில். நடுவில் குவிந்து ஓரத்தில் மெலிகிற பரவல் இது. டிராவலரின் இரண்டு பகடையும் அப்படித்தான், 36-இல் 7 மட்டும் ஆறு விதத்தில் வரும். ஆனால் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உருட்டும் இருபது முகப் பகடையில் 1 முதல் 20 வரை எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, நூற்றுக்கு ஐந்து.

இதனால் என்ன ஆகிறது? டிராவலரில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். திறமை 0 உள்ளவனுக்கு 36-இல் 15 வாய்ப்பு, அதாவது நூற்றுக்கு 42. திறமை 2 உள்ளவனுக்கு 36-இல் 26, நூற்றுக்கு 72. இருபது முகப் பகடையில் அதே 2 கூடினால் உயர்வது நூற்றுக்குப் பத்துதான். அனுபவசாலி அனுபவசாலியாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கிற மேசைக்கு இரண்டு பகடை. நேற்றுச் சேர்ந்த பையனும் ஒரே வீச்சில் ராஜாவைச் சாய்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற மேசைக்கு இருபது முகம். எந்த ஆசையும் தாழ்ந்ததில்லை. ஆனால் ஒரு மேசையில் எது ஓங்கியிருக்கிறது என்று தெரியாமல் விதிநூல் வாங்கினால் மூன்றாவது அமர்வில் ஆள் குறைந்துவிடும்.

தாயத்தில் இன்னொரு ருசி மறு ஆட்டம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். 16-இல் 6 வாய்ப்பு அது, சாதாரண விஷயமில்லை. அந்தக் கிளுகிளுப்புக்குப் பழகிய பெரியவர்களோடு ஆடும்போது நான் எடுப்பது ஷேன் ஹென்ஸ்லியின் 'சாவேஜ் வேர்ல்ட்ஸ்'. 2003-இல் வந்தது. அதில் பகடையின் உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொண்டே போகலாம். விதியை விளக்கி முடிக்கும் முன்னே, "அட, நம்ம மறு ஆட்டம்தானே" என்று கட்டையைக் கேட்டு வாங்கிவிடுவார்கள்.

வேலை முடியும், ஆனால் விலை உண்டு என்கிற வகைக் கதை பிடித்தவர்களுக்கு வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் எழுதி 2010-இல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' வழி வந்த விதிகள். அங்கே இரண்டு பகடையில் 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வெற்றியோடு ஒரு சிக்கல், 6 அல்லது அதற்குக் கீழே நிலைமை முற்றும். அந்த நடுப்பகுதி அடிக்கடி விழும். அதனால் நடத்துபவர் ஓயாமல் புதுச் சிக்கல் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அது மிகவும் பிடித்த வேலை. புதிதாக நடத்த வருகிறவர் அதில் தொடங்க வேண்டாம், சீக்கிரம் களைத்துப் போவார்.

ஒரு வீட்டின் கதையை மூன்று தலைமுறைக்கு ஆட விரும்பினால் கிரெக் ஸ்டாஃபோர்டின் 'பென்டிராகன்'. 1985-இல் வந்தது. ஆர்தர் அரசனின் வீரர்களைப் பற்றியது. ஒரு சாகசத்துக்கு ஓர் ஆண்டு என்று காலம் ஓடும். ஆண்டு முடிவில் விளைச்சல், திருமணம், குழந்தை, சாவு எல்லாம் பகடையில் வரும். அப்பா போனால் மகன் ஆட்டத்துக்கு வருவான். குணங்கள் எதிரெதிர் சோடியாக இருக்கும், ஒவ்வொரு சோடியும் கூட்டினால் 20. தாராளம் 14 என்றால் தன்னலம் 6. கல்யாணமானவனைப் புள்ளியாகக் கணக்கெடுக்கிற ஊருக்கு இதைக் கொண்டுவர அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. வாளையும் குதிரையையும் மாற்றினால் போதும்.

ஒரே ஒரு மாலை மட்டும் ஆடுகிறவர்களுக்கு ஒற்றைப் பக்க விதிகள் இருக்கின்றன. கிராண்ட் ஹோவிட்டின் 'ஹனி ஹீஸ்ட்' கரடிகள் தேன் திருடுவதைப் பற்றியது. ஹோட்டல் விருந்தினர்களுக்கு அதுதான். சாப்பாட்டுக்கு முன் தொடங்கிச் சாப்பாட்டுக்குப் பின் முடிந்துவிடும்.

எந்த விதியானாலும், ஆடத் தொடங்கும் முன் உட்கார்ந்து பேச வேண்டும். தாயத்துக்கே தெருவுக்குத் தெரு விதி மாறும். எதிராளி காயை வெட்டாமல் பழமேற விடலாமா என்று முதலிலேயே பேசாவிட்டால் கடைசியில் கட்டை பறக்கும். ரோல்பிளே ஆட்டத்தில் பேச வேண்டியது இன்னும் ஆழமானது. 1941 டிசம்பர் 23-இல் ஜப்பானியக் குண்டு ரங்கூனில் விழுந்தது, 1942 மார்ச்சில் நகரம் கைமாறியது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து வந்தார்கள், வழியில் செத்தவர்கள் ஏராளம். அந்தச் சாவு சில வீடுகளில் இன்னும் படத்துக்கு மாலையாகத் தொங்குகிறது. எங்கள் பர்மா ஆட்டத்தில் ஒருவர், "நடைப்பயணத்தை ஆட வேண்டாம், அதுக்கு முன்னாடியே நிறுத்திக்குவோம்" என்றார். நிறுத்தினோம். காரணம் கேட்கவில்லை. அதன் பிறகு எல்லா மேசையிலும் நடுவில் எக்ஸ் குறி போட்ட ஒரு அட்டையை வைக்கிறேன். யார் தொட்டாலும் அந்தக் காட்சி அத்தோடு முடிந்தது, கேள்வி கிடையாது. சாதி, சீதனம், சொத்து வழக்கு என்று நம் ஊர்க் கதைகளுக்குள் நுழைகிற எவருக்கும் இந்த அட்டை விதிநூலைவிட முக்கியம்.

கடைசியாக மொழி. நான் நடத்தும் எல்லா ஆட்டத்துக்கும் பாத்திரத் தாளைத் தமிழில் எழுதித்தான் கொடுக்கிறேன். ஆங்கிலத் தாள் இருந்தால் அப்பத்தாக்கள் மேசைக்கு வரமாட்டார்கள். அவர்கள் வராத மேசையில் பாதி விதி கிடைக்காது. இதில் சட்டச் சிக்கல் குறைவாகவே இருக்கிறது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டன. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். 'ஃபேட்' விதிகளும், ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் தி டார்க்' அடிப்படை விதிகளும் அதேபோலத் திறந்தவைதான்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் தடித்த புத்தகம் வாங்க வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதில் ஒன்றை எடுத்து ஒரு மாலை ஆடிப் பாருங்கள். எந்தக் கட்டத்தை யாரும் தொடவில்லை, எந்தக் கட்டம் இல்லாமல் தவித்தீர்கள் என்று தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள். பிறகு தேடுங்கள், கிடைக்கும். உங்களுக்கு ஆங்கிலமும் தமிழும் நன்றாக வருமென்றால் இந்தத் திறந்த விதிகளில் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். முழு நூலும் வேண்டாம், பாத்திரத் தாளும் நாலு பக்க விளக்கமும் போதும். அதை வைத்து நானே ஆட்டம் நடத்துவேன்.